மாமன் மகள் கல்யாணமும் 372-ஆவது உறுப்பும்

போன ஆவணியில் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணம், எங்கள் உறவுக்குள்தான். மாப்பிள்ளைக்குப் பெண் சொந்த அம்மான் மகள், முறைப்பெண். பந்தியில் எனக்கு அடுத்த இலையில் உட்கார்ந்திருந்த பையன் சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கந்தரப்பம் வைத்துவிட்டுப் போனதும் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டான்: "சித்தப்பா, புத்தகத்தில் படித்தேன், இந்தக் கல்யாணம் சட்டப்படி செல்லாது போலிருக்கே?"

அவன் படித்தது சரிதான். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் அண்ணன் பிள்ளை, தங்கை பிள்ளை இருவரையும் தடை செய்யப்பட்ட உறவுமுறை என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. தாய்மாமனும் அக்காள் மகளும் அதே பட்டியலில்தான் இருக்கிறார்கள். அந்த உறவுக்குள் கல்யாணம் செய்தால் 5-ஆவது பிரிவை மீறியதாகும், 11-ஆவது பிரிவின்படி அது செல்லாத கல்யாணம். ஆனால் 5-ஆவது பிரிவின் அந்த உட்பிரிவிலேயே ஒரு வாசலும் திறந்திருக்கிறது: இரு தரப்பாரையும் ஆளுகிற வழக்கம் அப்படிப்பட்ட மணத்தை அனுமதித்தால் தடை கிடையாது. தமிழ்நாட்டில் எத்தனை தாத்தா பாட்டிகளின் கல்யாணம் இந்த ஒரு வரியின் மேல் நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, வழக்கம் என்றால் என்ன? அதற்கு இவ்வளவு பலம் யார் கொடுத்தது? பாராளுமன்றம் எழுதிய சட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்லும் அளவுக்கு ஒரு ஊர்ப் பழக்கம் எப்படி வளர்ந்தது, அந்தப் பழக்கத்தை வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இந்த நாட்டின் அரசமைப்பைப் படிக்க வருகிற யாருக்கும் நான் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கொடுப்பேன். வேறு எந்த வாசல் வழியாகப் போவதையும்விட இந்த வழியாகப் போனால் அடித்தளம் சீக்கிரம் கண்ணில் படும். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு, விடையில் பாதி நம் மண்ணிலேயே கிடக்கிறது.

வழக்கமாக எப்படிச் சொல்லித்தருகிறார்கள்? அரசமைப்பு அவை 1946 டிசம்பர் 9 அன்று கூடியது, 1949 நவம்பர் 26 அன்று அரசமைப்பை ஏற்றது, 1950 ஜனவரி 26 அன்று அது நடைமுறைக்கு வந்தது, தொடக்கத்தில் 395 உறுப்புகள் (ஆர்ட்டிகிள்கள்), 8 அட்டவணைகள், வரைவுக் குழுவுக்கு அம்பேத்கர் தலைவர், குழுவில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், கோபாலசாமி ஐயங்கார், பிறகு வந்து சேர்ந்த டி.டி.கிருஷ்ணமாச்சாரி. இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டியதுதான். ஆனால் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் பக்கங்களுக்கு வருவதற்குள் களைத்துப்போகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுகிற இரண்டு உறுப்புகள் அங்கேதான் இருக்கின்றன.

395-ஆவது உறுப்பு, 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தையும் 1947-ஆம் ஆண்டின் இந்திய விடுதலைச் சட்டத்தையும் ரத்து செய்கிறது. அதாவது எந்த இங்கிலாந்துச் சட்டத்தால் நமக்கு விடுதலை வழங்கப்பட்டதாகச் சொன்னார்களோ அதையே நாம் ரத்து செய்துவிட்டு, இனி எங்கள் அதிகாரம் அங்கிருந்து வரவில்லை என்று சொன்னோம். 372-ஆவது உறுப்பு இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. இந்த அரசமைப்பு தொடங்குவதற்கு முந்தைய கணம் வரை நடைமுறையில் இருந்த சட்டங்கள் எல்லாம், தகுந்த சட்டமன்றம் மாற்றும்வரை, அப்படியே தொடரும் என்கிறது. 1950 ஜனவரி 25 இரவு தேவகோட்டையில் ஒருவர் கொடுத்த கடன் மறுநாள் காலையிலும் கடன்தான். 1860-இன் தண்டனைச் சட்டம், 1872-இன் ஒப்பந்தச் சட்டம், 1882-இன் சொத்து மாற்றுச் சட்டம் எல்லாம் விடிந்தும் இருந்தன. தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதியது வர 2024 ஜூலை 1 ஆனது, ஒப்பந்தச் சட்டமும் சொத்து மாற்றுச் சட்டமும் இன்றைக்கும் இருக்கின்றன.

அப்படியானால் அந்த நள்ளிரவில் கைமாறிய பழைய சட்டத்துக்குள் என்னென்ன இருந்தது? இங்கேதான் நம் ஊர்க் கதை.

கம்பெனி ஆட்சி 1772-இல் வங்காளத்தில் ஒரு திட்டம் போட்டது. வாரிசு, திருமணம், மத விஷயங்களில் இந்துக்களுக்குச் சாத்திரப்படி, முஸ்லிம்களுக்குக் குரான்படி தீர்ப்பு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வெள்ளைக்கார நீதிபதிகள் சாத்திரம் என்றதும் ஏட்டைத் தேடினார்கள், ஏட்டில் இருப்பதுதான் சட்டம் என்று நினைத்தார்கள். கோர்ட்டில் பண்டிதர்களை வைத்து அர்த்தம் கேட்டார்கள். இந்த நினைப்பைத் திருத்தியதில் பெரிய பங்கு, இன்று நாம் செட்டிநாடு என்று சொல்கிற நிலம் இருந்த இரண்டு ஜமீன்களுக்கு உண்டு.

முதலில் சிவகங்கை. 1801-இல் கம்பெனி கெளரி வல்லபத் தேவரை ஜமீன்தாராக அமர்த்தியது. 1829-இல் அவர் இறந்தார், ஆண் பிள்ளை இல்லை. அண்ணன் வழிப் பிள்ளைகள், குடும்பம் பிரியாத கூட்டுக் குடும்பம், ஆகவே ஜமீன் எங்களுக்கே என்றார்கள். மனைவியும் மகள் காத்தம நாச்சியாரும் விடவில்லை. வழக்கு லண்டனில், அப்போதைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போய் 1863-இல்தான் முடிந்தது, 34 ஆண்டுகள். குடும்பம் பிரியாமல் இருந்தாலும் இந்த ஜமீன் அவர் தனியாகப் பெற்ற சொத்து, ஆகவே அது பங்காளிகளுக்குப் போகாது, மனைவிக்கும் பிறகு மகளுக்கும் போகும் என்று தீர்ப்பு. இந்து வாரிசுச் சட்டம் படிக்கிற யாரும், எந்த மாநிலத்திலும், சிவகங்கை வழக்கைத் தாண்டாமல் போக முடியாது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத்தான் அது தங்கள் ஊர் வழக்கு என்று பல நேரம் தெரிவதில்லை.

அடுத்தது ராமநாதபுரம், 1868. சேதுபதி ஆண் பிள்ளையில்லாமல் இறந்தபின் ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். கணவர் உயிரோடிருக்கும்போது அனுமதி தந்ததாக ஆதாரம் இல்லை, ஆனால் பங்காளிகளின் சம்மதம் இருந்தது. தத்து செல்லாது, வாரிசில்லாத ஜமீன் சர்க்காருக்கே என்று மதுரை கலெக்டர் நின்றார். வழக்கின் பெயரே மதுரை கலெக்டர் எதிர் முத்துராமலிங்க சேதுபதி. பிரிவி கவுன்சில் நீதிபதிகள் தென்னாட்டில் உண்மையில் என்ன நடந்துவந்தது என்று பார்த்தார்கள், எந்த உரை இந்தப் பகுதியில் ஏற்கப்பட்டது, எத்தனை தத்துகள் இப்படி நடந்தன என்று பார்த்தார்கள். தத்து செல்லும் என்றார்கள். அதில் அவர்கள் சொன்ன ஒரு வாக்கியத்தைச் சட்ட மாணவர் எல்லோரும் ஒருநாள் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும்: இந்து சட்ட முறையில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதப்பட்ட சட்ட நூலின் வாசகத்தை விஞ்சி நிற்கும்.

இந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பேரைக் காப்பாற்றியது என்பதை நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் பார்க்கலாம். ஒன்பது கோயில் என்கிற குலப் பிரிவு, ஒரே கோயிலுக்குள் பெண் எடுப்பதற்கான கட்டுப்பாடு, தத்து எடுப்பதானால் அதே கோயிலுக்குள் எடுப்பது, கல்யாணமாகிப் பிள்ளை குட்டியோடு இருக்கிற ஆளையே சுவீகாரம் கூட்டிக்கொள்வது, கல்யாணம் முடிந்ததும் மகனை அதே வீட்டுக்குள் வேறு வைத்துத் தனி அடுப்பு மூட்டுவது, அந்தத் தம்பதியை ஒரு புள்ளியாகக் கோயில் கணக்கில் சேர்ப்பது, இதில் எதுவும் வடமொழி நூலில் தேடிக் கண்டுபிடிக்கக்கூடியது இல்லை. ஆனால் இவை சட்டமாக மதிக்கப்பட்டன.

வியாபாரத்திலும் இதே கதைதான். 1881-இல் மாற்றுமுறை ஆவணச் சட்டம் வந்தது, இன்றைக்கு செக் திரும்பினால் வழக்குப் போடுவது இதன்படிதான். அதன் முதல் பிரிவிலேயே கீழ்த்திசை மொழிகளில் எழுதப்பட்ட ஆவணங்கள் தொடர்பான உள்ளூர் வழக்கத்தை இந்தச் சட்டம் பாதிக்காது என்று எழுதிவைத்தார்கள். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கொண்டுவிக்கப் போனவர்கள் தமிழில் எழுதிய உண்டியலும் (பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் சீட்டு) அதன் தவணைக் கணக்கும் அந்த வரிக்குள் வந்தன. பணப் புழக்கத்துக்குச் சட்டம் எழுதியவர்களுக்கு, சந்தை ஏற்கெனவே வேறு விதியில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்திருந்தது.

ஒரு சின்ன விஷயம், இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். செட்டிநாடு அப்போது ஒரே ஆட்சியின் கீழ் இல்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிரிட்டிஷ் சென்னை மாகாணம், ராயவரம், ராமச்சந்திரபுரம் பக்கம் புதுக்கோட்டை சமஸ்தானம். பெண் கொடுத்தது ஒரு சட்டத்தின் கீழ், எடுத்தது இன்னொன்றின் கீழ். 1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது, அதற்குப் பிறகுதான் ஒரே உயர் நீதிமன்றம், ஒரே சட்டமன்றம். இந்தியா முழுக்க இப்படி ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் இருந்தன என்பதை நினைத்தால், எல்லோருக்கும் பொதுவாக ஒரு நூலை எழுதுவது என்ன வேலை என்று புரியும்.

மத்திய அரசு, மாநில அரசு யாருக்கு எந்த அதிகாரம் என்பதற்கும் செட்டிநாட்டு வட்டிக் கடை ஒரு பாடம் தந்திருக்கிறது. 1930-களில் நெல் விலை விழுந்து குடியானவர்கள் கடனில் மூழ்கியபோது, ராஜாஜி அமைச்சரவை 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. பழைய கடன்களுக்கு 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் இருந்த வட்டி தள்ளுபடி, அசலைப் போல இரண்டு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. வட்டிக்குக் கொடுத்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1935-ஆம் ஆண்டுச் சட்டப்படி புரோநோட்டு என்பது மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது, மாகாணம் எப்படி அதில் கை வைக்கலாம் என்பது வாதம். ஏ.எல்.எஸ்.பி.பி.எல். சுப்பிரமணியன் செட்டியார் எதிர் முத்துசாமி கவுண்டன் என்கிற அந்த வழக்கில் 1940-இல், இன்றைய உச்ச நீதிமன்றத்துக்கு முன்னோடியான பெடரல் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்த ஆறு எழுத்தைப் பார்த்ததும் நம்மவர்களுக்குத் தெரிந்துவிடும், அதுதான் விலாசம், தலைமுறைகளின் பெயரைச் சுருக்கிய கடை முகவரி. தலைமை நீதிபதி மாரிஸ் குவையர் சொன்னதன் சாரம் இது: ஒரு சட்டம் வேறொரு பட்டியலின் விஷயத்தை ஓரமாகத் தொட்டுவிடுவது தவிர்க்க முடியாதது, அதன் உண்மையான இயல்பு என்ன, எந்தத் துறையைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும், வார்த்தைகளை மட்டும் பிடித்துக்கொண்டால் எந்தச் சட்டமும் பிழைக்காது. சட்டம் நிலைத்தது. இன்றைய ஏழாவது அட்டவணையைத் திறந்து பாருங்கள், புரோநோட்டு ஒன்றியப் பட்டியலில் 46-ஆவது இனமாகவும், வட்டித் தொழிலும் விவசாயக் கடன் நிவாரணமும் மாநிலப் பட்டியலில் 30-ஆவது இனமாகவும் இருக்கின்றன. இரண்டும் உரசும்போதெல்லாம் நீதிபதிகள் இன்றும் அந்த அளவுகோலைத்தான் எடுக்கிறார்கள். பணம் கொடுத்தவர் தோற்ற வழக்கு, ஆனாலும் அது சரியான தீர்ப்பு என்றே நான் நினைக்கிறேன்.

இதுவரை வழக்கத்தை நல்ல பிள்ளையாகவே காட்டிவிட்டேன். நிறுத்த வேண்டிய இடம் இது.

1930 டிசம்பரில், இதே ராமநாதபுரம் ஜில்லாவில், நிலமும் ஆள்பலமும் கையில் வைத்திருந்த சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளைப் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணியால் மேலுடலை மூடக் கூடாது. பூ, மஞ்சள் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு எட்டு பதினொன்றானது.

இதைச் செய்தவர்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? வழக்கம் என்றுதான். அம்மான் மகளைக் கட்டுவதும் வழக்கம், அடுத்தவன் காலில் செருப்பைக் கழற்றச் சொல்வதும் வழக்கம். தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் விஞ்சி நிற்கும் என்கிற 1868-இன் வாக்கியத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. நம் முன்னோர் எழுப்பிய கோயில்களின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் எத்தனை தலைமுறை என்று நினைக்கும்போது, இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

பிரித்துப் பார்க்கும் கருவிதான் 13-ஆவது உறுப்பு. அரசமைப்புக்கு முந்தைய சட்டம் எதுவானாலும், அடிப்படை உரிமைகளுக்கு முரணான அளவுக்கு அது செல்லாது. சட்டம் என்ற சொல்லுக்கு அங்கே கொடுத்த விளக்கத்தைக் கவனித்துப் படியுங்கள்: அவசரச் சட்டம், ஆணை, விதி, அறிவிக்கை, அதோடு சட்டத்தின் வலிமை கொண்ட வழக்கமும் மரபும். அந்தக் கடைசிச் சொற்களை எழுதியவர்களுக்கு இந்த நாட்டில் மனிதரை ஒடுக்கியதில் பெரும்பங்கு எந்தச் சட்டமன்றமும் இயற்றாத சட்டங்களுக்கு உண்டு என்று தெரிந்திருந்தது. இவ்வளவு போதாது என்று 17-ஆவது உறுப்பில் தீண்டாமையை நேராகவே ஒழித்தார்கள், அதை எந்த வடிவில் கடைப்பிடித்தாலும் குற்றம் என்றார்கள். 15-ஆவது உறுப்பில் கடை, உணவு விடுதி, கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லி எழுதினார்கள். இந்த உரிமைகள் அரசுக்கு எதிராக மட்டும் இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரருக்கு எதிராகவும் செல்லும். உலகத்தின் பல அரசமைப்புகளில் இப்படி இருக்காது.

ஆக, 372 எல்லாவற்றையும் உள்ளே விடுகிறது, 13 அதைச் சலிக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து வேலை செய்வதைத்தான் நான் அடித்தளம் என்கிறேன். 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் உட்கார்ந்து, 7-க்கு 6 என்ற கணக்கில், பாராளுமன்றம் அரசமைப்பைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பை அழிக்க முடியாது என்று சொன்னதெல்லாம் இதன் மேல் எழுந்த மாடிதான். அதைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நான் இங்கே நிற்கப்போவதில்லை.

சலித்து முடித்துவிட்டோமா? இல்லை. தேவகோட்டைக்கு அருகே கண்டதேவி சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் தேர் வடத்தை யார் யார் பிடிக்கலாம் என்ற தகராறில் பல ஆண்டுகள் தேரே ஓடவில்லை. உயர் நீதிமன்ற உத்தரவுகளுக்குப் பிறகு, 2024 ஜூனில் போலீஸ் பாதுகாப்போடு மீண்டும் ஓடியது. 17-ஆவது உறுப்பு எழுதி முக்கால் நூற்றாண்டு ஆகிறது. ஒரு வடத்தைப் பிடிக்க வழக்குப் போட வேண்டியிருந்தது என்று நினைக்கும்போது வருத்தம்தான், ஆனால் வழக்குப் போட ஒரு இடம் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்தபின் அந்த இடம் நமக்குக் கொஞ்சம் பக்கத்திலும் வந்துவிட்டது.

மறுபடி கல்யாணத்துக்கு வருவோம். 1955, 1956-இல் வந்த இந்து சட்டங்கள் 1868-ஐத் தலைகீழாக்கின. இந்து திருமணச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, இந்தச் சட்டம் பேசுகிற விஷயத்தில் பழைய நூலும் வழக்கமும் இனி செல்லாது, சட்டமே வெளிப்படையாக விட்டுவைத்தது தவிர என்கிறது. அதாவது வழக்கம் இப்போது வீட்டுக்காரர் இல்லை, வாடகைக்கு இருப்பவர். மாமன் மகள் கல்யாணத்துக்கு ஒரு அறை கொடுத்திருக்கிறார்கள். கல்யாணமானவரையும் 15 வயதைத் தாண்டியவரையும் தத்தெடுக்க 1956-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு இன்னொரு அறை கொடுத்திருக்கிறது, வழக்கம் இருந்தால் செய்யலாம் என்று. நகரத்தார் சுவீகாரம் இன்று அங்கேதான் குடியிருக்கிறது.

ஆனால் பெண் பிள்ளைகளுக்குப் பங்கில்லை என்கிற வழக்கத்துக்கு அறை கிடைக்கவில்லை, கிடைத்திருக்கவும் கூடாது. சீர் கொடுத்தாயிற்று, வைரத் தோடு போட்டாயிற்று, வீட்டில் என்ன பங்கு என்று கேட்பதுதான் எங்கள் பக்கத்துப் பேச்சு. 1956-இன் வாரிசுரிமைச் சட்டத்தில் 23-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது: குடும்பத்தார் குடியிருக்கிற வீட்டை ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ளும்வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீள்கிற, முப்பது நாற்பது பங்காளிகள் இருந்து யாரும் பிரிக்காமல் பூட்டியே கிடக்கிற செட்டிநாட்டு வீட்டை நினைத்துக்கொண்டு அந்தப் பிரிவைப் படித்தால், அது பெண்ணைக் கிட்டத்தட்ட என்றென்றைக்கும் வெளியே நிறுத்தியது என்று தெரியும். தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அதுவரை கல்யாணமாகாத மகள்களுக்கு மகனைப் போலவே கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுக்க, கல்யாணமானவர்களுக்கும் சேர்த்து, அந்த உரிமை வந்தது, 23-ஆவது பிரிவும் நீக்கப்பட்டது. 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகூடக் கிடையாது என்று தெளிவாக்கியது. என் பெரியப்பா மகள் ஒருத்தர் அதற்குப் பிறகுதான் பிறந்த வீட்டுச் சாவியில் ஒரு பிரதி கேட்டு வாங்கினார். அண்ணன் தம்பிகள் கொடுத்துவிட்டார்கள், மறுக்க முடியாது என்று வக்கீல் சொல்லியிருந்தார்.

ஒரு கணக்கு இன்னும் தீரவில்லை. 1951-இல் நரசு அப்பா மாலி வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம், 13-ஆவது உறுப்பு சொல்லும் சட்டத்தில் மதம் சார்ந்த தனிநபர் சட்டம் அடங்காது என்றது. அதாவது திருமணம், வாரிசு போன்றவற்றில் எழுதப்படாத சாத்திரச் சட்டத்தை அடிப்படை உரிமை என்கிற சல்லடையில் போட முடியாது. வழக்கத்தைப் போடலாம், சாத்திரத்தைப் போடக் கூடாது என்றால் எனக்கு அது பொருந்தவே இல்லை. தென்னாட்டில் இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று 1868-இலேயே யாராலும் சொல்ல முடியவில்லை. 2018-இல் சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் தன் தனித் தீர்ப்பில் நரசு அப்பா மாலியின் வாதத்தை ஏற்க மறுத்தார்.

பந்தியில் கேட்ட பையனுக்கு இவ்வளவும் சொல்ல நேரமில்லை, பாதியில் மோர் வந்துவிட்டது. ராமநாதபுரம் தீர்ப்பை முதலில் படி, பிறகு 372, பிறகு 13, அதற்குப் பிறகு முதல் பக்கத்திலிருந்து தொடங்கு என்று மட்டும் சொன்னேன். பத்து நாள் கழித்து போன் செய்தான். "சித்தப்பா, படித்தேன். வழக்கம் இருக்குன்னு யார் நிரூபிக்கணும்?" அதைச் சொல்லி வாதாடுகிறவர்தான் நிரூபிக்க வேண்டும் என்றேன். நீண்ட காலமாக, இடைவெளி இல்லாமல், ஒரே மாதிரி நடந்துவந்தது, நிச்சயமானது, நியாயத்துக்கும் பொதுக் கொள்கைக்கும் விரோதமில்லாதது என்று காட்ட வேண்டும், நீதிமன்றங்கள் பலமுறை ஏற்றுக்கொண்ட வழக்கமானால் ஒவ்வொரு தடவையும் புதிதாக நிரூபிக்கத் தேவையில்லை. எதைக் கொண்டு காட்டுவது என்று கேட்டான். கல்யாணத்தன்று இரு வீட்டாரும் எழுதிக் கையெழுத்திட்ட இசைகுடிமானம், கோயில் புள்ளிக் கணக்கு, பழைய பாகப் பத்திரம், இதெல்லாம்தான் என்றேன். இப்போது விடுமுறைக்கு வந்தால் அவன் ஐயாவோடு இரண்டாங்கட்டில் உட்கார்ந்து இரும்புப் பெட்டியில் இருக்கும் ஏடுகளைத் துணியால் துடைத்து, யார் யாருக்கு அம்மான் மகள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான்.